அண்ணன் போட்ட லைன்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். புது இடம் என்றால் எனக்குத் தலைவலி வரும் என்று நீங்கள் கட்டிக் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. நீங்களும் வாண்டும் நலம்தானே? அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா?

வீட்டு போனில் பேசினால் அண்ணன் ஒரு பக்கம், வாண்டு ஒரு பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வக விலாசத்துக்கு எழுது என்றீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

தொழிற்சாலை விடுதியில் மாடியறை. ஜன்னலைத் திறந்தால் பெயிண்ட் கூடத்தின் புகைபோக்கி. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுற்றும்போது யாரையோ திட்டுவது போலச் சத்தம் போடும் ஒரு மின்விசிறி.

சக்கர நாற்காலி செய்யும் இந்த ஆலையில் எனக்கு என்ன வேலை என்று வாண்டு கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒரு விளக்கு போய்விட்டால் அது மட்டும் அணையுமா, வீடே இருண்டுவிடுமா? தொழிற்சாலைக்கும் அதே கேள்விதான். ஒரு பகுதியை நிறுத்தினால், மாற்றினால், வெளியே எடுத்தால், மற்ற எத்தனை பகுதிகள் ஆட்டம் காணும்? ஆட்டம் குறைவாக இருந்தால் அந்த ஆலை தனித்தனிக் கூறுகளாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இங்கே எல்லோரும் அதை மாடுலர் என்கிறார்கள். அந்தத் தன்மையை அளந்து நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரே ஓர் எண்ணாகச் சொல்வதுதான் என் வேலை.

மேலாளர் ஒரு அம்மா. உயரம், குட்டை முடி, பேசும்போது கண் அசையாது. இந்த உற்பத்தி லைனைப் போட்டவரின் தங்கை நான் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டேன். தலைமை அலுவலகத்துக்கும் அது தெரியும். என் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார் என்பதால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். மேலாளர் சுவரைக் காட்டினார். அங்கே அண்ணனின் படம். கறுகறுவென்று மீசை. முதல் நாற்காலி வெளியே வந்த அன்று எடுத்ததாம்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நெஞ்சு நிறைந்தது என்று.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். வாண்டுக்குப் பல் ஆடுகிறது, அதை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிவைக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். புகைபோக்கிப் பக்கத்து ஜன்னலை மூடியே வை.

நீ அந்த ஆலைக்குப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அண்ணனின் நடையே மாறிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் "என் லைனை அளக்க என் தங்கச்சியே போயிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூட உன் வேலை மனப்பாடம். மீசைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டு வந்தார்.

அவர் நலம். இப்போதெல்லாம் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிடுகிறார். வாண்டைப் பள்ளியிலிருந்து அவரே அழைத்து வருகிறார். எனக்கு அது ஒரு உதவி. போன வாரம் சமையலறை டப்பாக்களை எல்லாம் எடுத்து, எது எத்தனை தடவை கைக்கு வருகிறது என்று என்னைக் கேட்டுக் கேட்டு இடம் மாற்றி வைத்துவிட்டார். இப்போது உப்பு எங்கே இருக்கிறது என்று என் வீட்டில் நானே அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

லைனைப் பற்றி எழுது. எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டும்.

உன் அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். வாண்டின் பல் விழுந்ததா? நீங்கள் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்ப்பதாக அவள் போனில் சொன்னாள். உடம்பு தாங்குமா அண்ணி?

லைனைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பல ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே ஒரே சங்கிலி. அதில் இரும்புச் சட்டங்கள் தொங்கியபடி வருகின்றன. வெல்டிங், கழுவுதல், பெயிண்ட், அதை உலர்த்தும் சூளை, சக்கரம், இருக்கை, பேக்கிங் என்று கூடம் முழுக்கச் சுற்றி, மறுமுனையில் நாற்காலியாக இறங்குகின்றன. எல்லாம் ஒரே வேகம். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அலமாரி. அதுதான் அத்தனை இயந்திரத்துக்கும் மூளை. அந்தக் கூடத்தில் ஒரு கைகூடச் சும்மா இல்லை, ஒரு கைகூட அவசரப்படவும் இல்லை. முதல் வாரம் நான் அளக்கவே தொடங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அளக்க ஆரம்பித்தேன். ஒரு பெரிய கட்டம் போட்ட தாள். மேலே ஒவ்வொரு பகுதியின் பெயர், பக்கவாட்டிலும் அதே பெயர்கள். இதை மாற்றினால் அது பாதிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பாதிக்குமானால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. வரைபடத்தை மட்டும் நம்புவதில்லை. மின்சாரக்காரர் ஒருவர் கூடவே வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு பகுதியாக நிறுத்திப் பார்க்கிறோம். கூறுகளாகப் பிரிந்த ஆலையில் புள்ளிகள் சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்ந்திருக்கும். கூட்டத்துக்கு வெளியே சிதறிய புள்ளிகள் குறையக் குறைய எண் கூடும்.

போன செவ்வாய்க்கிழமை வெல்டிங்கில் ஒரு பிடிப்பான் உடைந்தது. சின்னச் சாமான். ஆனால் மறுகோடியில் பேக்கிங்காரர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பகலில் எப்போது போன் செய்தாலும் அண்ணனே எடுக்கிறாரே, லீவு போட்டிருக்கிறாரா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

பல் விழுந்துவிட்டது. அதைப் பத்திரமாக என் ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறாள். நான் திடமாக இருக்கிறேன். ஷிப்டு எனக்குப் பழக்கம்தான்.

வாஷிங் மெஷின் ஒரு மாதிரி முனகுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் அது வரவேற்பறையில் உடுப்பைக் கழற்றிக்கொண்டு படுத்திருந்தது. ஒவ்வொரு திருகும் ஒரு தட்டில் வரிசையாக. மாலைக்குள் பூட்டி ஓட்டியும் காட்டினார். இப்போது முனகல் இல்லை. அடுத்து கதவுக் கீல்கள். அதற்கடுத்து பக்கத்து வீட்டுக்காரரின் கதவுக் கீல்கள். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் சிரித்துக்கொண்டேன்.

லைனைப் பற்றி நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன், அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தவிர. "ஒரு கைகூடச் சும்மா இல்லை" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். எண் எப்போது வரும் என்று கேட்கிறார்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

எண் வந்துவிட்டது. நூற்றுக்கு இருபத்தேழு. வாண்டு பள்ளியில் இந்த மதிப்பெண் வாங்கி வந்தால் கையெழுத்துப் போட நீங்கள் யோசிப்பீர்கள்.

அண்ணன் தப்பாகக் கட்டிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அன்று அவரிடம் கேட்டது ஒரே மாதிரி நாற்காலி, ஏராளமாக, வேகமாக. அதற்கு இதைவிடச் சிறப்பாக யாராலும் கட்டியிருக்க முடியாது. இன்று கேட்பது வேறு. குழந்தைகளுக்கு, விளையாட்டுக்காரர்களுக்கு, உயரமானவர்களுக்கு என்று விதவிதமாக வேண்டும். வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். இந்த லைனில் ஒன்றை மாற்றக் கை வைத்தால் கூடமே நிற்கிறது. ஒரே சங்கிலி, ஒரே அலமாரி. என் தாளில் புள்ளிகள் கூட்டமாகச் சேரவே இல்லை, வாரி இறைத்தது போல் கிடக்கின்றன. எண் நாற்பதுக்குக் குறைவான ஆலைக்குப் புது மாதிரிகள் கிடையாது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. புது மாதிரி வராத ஆலையை எத்தனை காலம் வைத்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கிலி ஒன்றுதானே, அதை ஒரே இணைப்பாக எண்ணினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. அப்படி எண்ணினால் நாற்பதைத் தாண்டும். சரிபார்க்கிறவரிடம் வாதாடி அதை நிலைநிறுத்தவும் முடியும். ஒரு வாரம் அந்தக் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இவர்கள் எல்லோரும் சிரித்துப் பேசுவது கேட்கும்போது கை அதற்கே போனது. ஆனால் பொய்யான நாற்பதை நம்பிப் புது மாதிரி வந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் லைன் நிற்கும். அப்போது மூடினால் மூடினதுதான். இருபத்தேழு என்று தெரிந்தால் ஏதாவது செய்யவாவது இடம் இருக்கிறது. அந்தச் சங்கிலிக் கணக்கைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம் அண்ணி. போனில் கேட்டால் இன்னும் வேலை முடியவில்லை என்றே சொல்கிறேன். நானே நேரில் வந்து சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? என் போன கடிதம் வந்து சேர்ந்ததா என்றே தெரியவில்லை. வாண்டுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணனும் போன் செய்வதை நிறுத்திவிட்டார். நான் அழைத்தால் வாண்டு எடுத்து, "அப்பா வேலையா இருக்கார்" என்று வைத்துவிடுகிறாள்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மேலாளர் அம்மா முழுவதும் படித்துவிட்டு, தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, எந்தெந்தப் புள்ளிகளை அகற்றினால் எண் அதிகம் ஏறும் என்று மட்டும் கேட்டார். கோபமில்லை, புலம்பலில்லை. அந்தக் கேள்விக்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. மூன்று இடங்களைக் காட்டினேன். ஆகஸ்ட் முடியும் வரை அவகாசம் வாங்கியிருக்கிறார். ஆனால் உற்பத்தியை நிறுத்தக்கூடாது. ஓடுகிற லைனை எப்படி வெட்டுவது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அளக்கத்தான் தெரியும்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 14

அன்புள்ள சின்னவளுக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்தது. பதில் எழுதாதது என் கோழைத்தனம்தான்.

ஆய்வகத்தில் தினமும் முன்பின் தெரியாதவர்களுக்கு அவர்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறேன். ஒருநாளும் தயங்கியதில்லை. அந்த ஒரு எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் அதே மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஏன் என்று உன்னிடம் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. அதை அவர் வாயால் நீ கேட்டுக்கொள்.

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை காலை, டீயைக் கையில் கொடுத்து, உட்காரச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தார். பிறகு வாண்டிடம் அவளுடைய ஓவியத் தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேலே பெயர், பக்கத்தில் பெயர், நடுவில் புள்ளி, புள்ளியாக. நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. எத்தனை வருஷமாயிற்று, ஒரு இயந்திரத்தின் பெயர்கூட மறக்கவில்லை சின்னவளே. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. வாண்டு பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பயந்துகொண்டு அடுக்களையிலேயே நின்றேன். மாலையில் எழுந்து வந்தார். முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை.

"எனக்கு இருபத்து நாலுதான் வருது. அவ மூணு கூடப் போட்டிருக்கா. அண்ணன்னு பாவம் பாத்துட்டாளா என்ன?"

உன் நேர்மையைச் சந்தேகப்படக் கூடாது என்று நான் சண்டைக்குப் போனேன். அந்தச் சங்கிலிக் கணக்கையும், நீ அதைக் கிழித்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அதைக் கிழிக்க நெஞ்சுத் துணிவு வேணும்" என்றார். பிறகு முகம் மழித்தார். பல நாளைக்குப் பிறகு. இஸ்திரி போட்ட சட்டை எங்கே என்றார். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

நாளைக் காலை ரயில் ஏறுகிறார். சொல்ல வேண்டாம் என்றார். இந்தக் கடிதம் அவருக்குப் பிறகுதான் வந்து சேரும், அதனால் சொன்னதாகாது.

உன் அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் நலம், நான் நலம். முதுகுக்குப் பலகைக் கட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கவலை வேண்டாம்.

வாயில் காவலர் வந்து, உங்களைப் பார்க்க ஒருவர் காகிதச் சுருளோடு நிற்கிறார் என்றார். போனால் அண்ணன். "எப்படி இருக்கே?" என்றுகூடக் கேட்கவில்லை. ஓவியத் தாளை அங்கேயே ஒரு காரின் முன்பக்கத்தில் விரித்து, மூன்றைக் காட்டு என்றார். என் தாளையும் எடுத்து வந்தேன். புள்ளிக்குப் புள்ளி பார்த்துக்கொண்டே வந்து, சக்கரப் பகுதியில் அவர் விரல் நின்றது. அங்கே அவர் போட்ட புள்ளிகளில் பாதி என் தாளில் இல்லை.

நேராகக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் இந்த ஆலையை விட்டுப் போன பிறகு சக்கரப் பகுதிக்கு மட்டும் மின்சாரக்காரர் தனியாக ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறார். மூளைக்குக் கேட்காமல் அது தானே ஓடும், தானே நிற்கும். அண்ணன் குனிந்து அதைத் திறந்து பார்த்தார். மின்சாரக்காரர் திட்டு விழுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நிமிர்ந்து அவர் தோளில் கை போட்டு, "நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். என்னைப் பார்த்து, "உன் கணக்குதான் சரி" என்றார். அண்ணி, எத்தனையோ பேர் என் கணக்கைச் சரி என்றிருக்கிறார்கள். அன்றுதான் அதை நானே நம்பினேன்.

மேலாளர் அம்மா அவரை அறைக்கு அழைத்தார். அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்காரும்படி ஆகிவிட்டது. அவர் சுவரைப் பார்க்கவில்லை.

"இது ஒரே மூச்சுல ஓடணும்னு நான் கட்டினது. அது அன்னைக்குச் சரி. இப்ப உங்களுக்கு வேண்டியது வேற. இதைப் பிரிக்கணும்" என்றார்.

"நிறுத்தாம பிரிக்க முடியுமா?"

"எதை எதோட கட்டினேன்னு எனக்குத் தெரியும். எதை அவுத்தா போதும்னு இவளுக்குத் தெரியும். முடியும்."

அன்று சாயங்காலம் ஆலைக்கு வெளியே நடந்துபோகும்போது, ஏழு மாதமாக வேலை இல்லை என்பதை அவராகவே சொன்னார். அவர் துறையையே மூடிவிட்டார்களாம். தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று உங்களையும் சொல்லவிடவில்லையாம், கடைசியில் போன் செய்வதையும் நிறுத்திவிட்டாராம். நீங்கள் இரண்டு ஷிப்டு பார்த்தது, கதவுக் கீல்கள், எல்லாம் எனக்கு அப்போது விளங்கியது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணி. இத்தனை மாதமும் ஒரு கடிதத்தில்கூட ஒரு பெருமூச்சு கேட்காதபடி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஆச்சரியம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகமே. வாண்டுக்குப் புதுப் பல் முளைக்கிறது.

உன் கடிதத்தை ஆய்வகத்திலேயே படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பெருமூச்சு விட நேரம் எங்கே இருந்தது? வீட்டில் அவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக நானேதான் வாஷிங் மெஷின் முனகுகிறது என்றேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

முதுகை வளைத்து எதையும் தூக்கவிடாதே. தூக்குவார்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உட்கார நேரம் இல்லை. அண்ணனுக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும், ஆனால் ஆள் பத்து வயது குறைந்தவர் போல் இருக்கிறார்.

மூன்று வெட்டு. வெல்டிங்குக்குப் பிறகு ஒன்று, சூளைக்குப் பிறகு ஒன்று, சக்கரத்துக்குப் பிறகு ஒன்று. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் சட்டங்களைத் தொங்கவிட்டுச் சேர்த்து வைக்க ஒரு தாங்கி. முன்னால் நின்றுபோனாலும் பின்னால் இருப்பவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். அந்த இரும்பு அலமாரியின் வேலையைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சின்னப் பெட்டி. வாரநாட்களில் தயார் செய்வோம், ஞாயிற்றுக்கிழமை மாற்றுவோம், திங்கள் காலை லைன் ஓடும். ஒரு திங்கள்கூடத் தவறவில்லை.

சங்கிலியை முதல்முறை வெட்டிய ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் நின்றோம். யாருக்கும் அண்ணன் எதிரில் அதில் கை வைக்க மனம் வரவில்லை. மேலாளர், வேண்டுமானால் அவர் வெளியே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணன் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி அவரே வெட்டினார். பொறி பறந்தது. சங்கிலி இரண்டாகத் தொங்கியதும் அதைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தி, "நல்லா ஓடுச்சு" என்றார். இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்.

தலைமை அலுவலகம் வைக்கப் போகும் பரீட்சைக்கு ஒத்திகை பார்த்தபோது சொதப்பினோம். வெல்டிங்கை நிறுத்தியதும், வெட்டி விட்டோம் என்று நினைத்திருந்த சூளையின் கதவு திறக்க மறுத்தது. எந்த வரைபடத்திலும் காரணம் இல்லை. அண்ணனுக்கும் நினைவில்லை. ஞாயிறு சோதனைகளில் நான் போட்டிருந்த புள்ளிகளை மறுபடி பார்த்தபோது, வெல்டிங் புகையை உறிஞ்சும் விசிறி ஓடினால்தான் சூளைக் கதவு திறக்கும் என்ற பழைய ஏற்பாடு ஒன்று ஒளிந்திருந்தது தெரிந்தது. ஒரே ஒரு கம்பி. நானும் மின்சாரக்காரரும் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பிரிக்கும் வரை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழி காட்டவும் இல்லை, குறுக்கே வரவும் இல்லை.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார்கள். வெல்டிங்கைக் குழந்தை நாற்காலிக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது மற்ற பகுதிகளில் பெரிய நாற்காலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பரீட்சை. மேலாளர் கை காட்டினார். வெல்டிங் நின்றது. பிடிப்பான்களைக் கழற்றினார்கள், புதியவற்றைப் பூட்டினார்கள். நான் வெல்டிங்கைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த லைனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. பெயிண்ட், சூளை, சக்கரம். அரை மணிக்குப் பிறகு முதல் சின்னச் சட்டம் வெல்டிங்கிலிருந்து வெளியே வந்தது. அண்ணி, அது வாண்டு உட்காரும் அளவு.

வந்தவர்கள் மற்ற பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லோருமாகப் பெயிண்ட் கூடத்துக்குப் போனோம். அங்கே மூத்த பெயிண்டர், ஒரு அம்மா, முகமூடியை இறக்கிவிட்டு மேலாளரிடம் கேட்டார்:

"நாங்க காலையிலேர்ந்து தயாரா இருக்கோம். பரீட்சையை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

அரை மணி வெல்டிங் நின்றது அவர்களுக்குத் தெரியவே இல்லை. மேலாளர் அம்மாவின் அசையாத கண் அப்போது அசைந்ததைப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா?" என்றார்.

மறுபடி அளந்தேன். அறுபத்து மூன்று. சரிபார்க்கிறவருக்கும் அதுவேதான் வந்தது. குழந்தை நாற்காலி இந்த ஆலைக்கே என்று எழுத்தில் வந்துவிட்டது. இந்த ஊரிலேயே உள்ள இன்னும் இரண்டு ஆலைகளைப் பிரிக்க அண்ணனை இருக்கச் சொல்கிறார்கள். அளப்பது நான். வீட்டில் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். உங்களிடம் எப்படிக் கேட்பது என்று என்னைக் கேட்கிறார்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 5

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் மிகவும் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்பதில் இன்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் கடிதத்தை இந்த முறை வீட்டுக்கு எடுத்து வந்து வாண்டுக்கு உரக்கப் படித்தேன். பெயிண்டர் அம்மா கேட்ட இடத்தில் அவள் கை தட்டினாள். அந்தச் சின்ன நாற்காலி யாருக்குப் போகும் என்று கேட்டாள். நடக்க முடியாத ஒரு குழந்தைக்கு என்றேன். "அப்பாவும் அத்தையும் செஞ்சதுன்னு அந்தப் பாப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவாயில்லை என்றாள்.

நேற்று அவர் போன் செய்தார். கேட்க வந்ததைக் கேட்காமல் ஊர்க்கதை எல்லாம் பேசினார். சரி, இருந்துவிட்டு வாருங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். உங்கள் ஆலைக்கு அடுத்த தெருவில் இருக்கும் மருத்துவமனையில் ஆய்வக வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அவர் ரயில் ஏறிய வாரமே போட்டுவிட்டேன். நேற்றுக் காலை கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் வருகிறோம். வாண்டின் பள்ளிக்கு இடம் விசாரித்து வை. அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம், நேரில் பார்க்கட்டும்.

போனில் பாதி நேரம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. எங்கே எந்தப் புள்ளி, நீ எதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்குப் புரியாததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். வைக்கப் போகும்போது சொன்னார்:

"சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் எங்க போனாலும் என் பின்னாடியே வருவா. இப்ப கூடத்துல அவ முன்னாடி போறா, நான் பின்னாடி போறேன். நல்லா இருக்கு."

உன் அண்ணி